நெட்டைக்கு ஒரு தனி லேயர்

வகுப்புப் படத்தில் நெட்டையைக் காணவில்லை. கடைசி வரிசையில் அவள் நின்ற இடத்தில் வெறும் மஞ்சள் சுவர்தான் இருந்தது.

அழித்தது வேறு யாருமல்ல, பட்டாணிதான். குள்ளமாக, உருண்டையாக இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். நெட்டை அவளுடைய உயிர்த்தோழி. நெட்டையின் வீட்டார் ஊரைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். அதை நெட்டை எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கடைசியாகத்தான் பட்டாணியிடம் சொன்னாள். பட்டாணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

தூசிப் புள்ளிகளை நீக்கித் தரும்படி டீச்சர் வகுப்புப் படத்தைப் பட்டாணியிடம் கொடுத்திருந்தார். அவள் தோழியையே நீக்கிவிட்டாள்! கோபம் தீர்ந்ததும் பழையபடி வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, சேமித்து, கணினியை அணைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் கோபம் தீர்ந்துவிட்டது. படம்தான் திரும்பவில்லை. சேமித்து மூடிய படத்தில், செய்ததை ரத்து செய்யும் பொத்தானைத் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம்.

"டீச்சர், கேமராவுல அந்தப் படம் இருக்குமா?"

"விளையாட்டு விழாவுக்கு இடம் வேணும்னு எல்லாத்தையும் அழிச்சிட்டேனே. ஏன் கேக்கற?"

பட்டாணி திரையைக் காட்டினாள். டீச்சர் குனிந்து பார்த்தார்.

"நகல் லேயர் போடலையா நீ?"

டீச்சர் தலைப்பாடாக அடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த பாடம் அது. லேயர் என்பது கண்ணாடித் தாள் மாதிரி. படத்தின் மேல் ஒன்றை விரித்து, அதில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம். அடியில் இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆகாது. பட்டாணியோ அடிப்படத்திலேயே கைவைத்துவிட்டாள்.

"இன்னைக்குச் சாயங்காலம் அச்சுக்குப் போகணுமே" என்றார் டீச்சர்.

நாளைக்கு நெட்டை போய்விடுவாள். முப்பது பேர் இருக்கும் படத்தில் அவள் மட்டும் இருக்க மாட்டாள். வயிற்றுவலி என்று சொல்லி வீட்டுக்கு ஓடிவிடலாமா? ஓடினால் நெட்டையை யார் திரும்ப வைப்பது?

நேராக நெட்டையிடம் போனாள்.

"படத்துல உன்னை அழிச்சிட்டேன். வேணும்னேதான் அழிச்சேன்."

நெட்டையின் முகம் சிறுத்துவிட்டது.

"உன்கிட்ட சொல்ல எனக்கு வாயே வரலடி. அதான் கடைசியா சொன்னேன்" என்றாள்.

பட்டாணி விம்மி விம்மி அழுதாள். "ஒரே ஒரு தடவை அந்தச் சுவர்கிட்ட வந்து நில்லு. டீச்சர் படம் எடுக்கட்டும். உன்னைத் திரும்ப வச்சிடறேன்."

"நிக்கறேன். ஆனா சிரிக்க மாட்டேன்."

டீச்சர் படம் எடுத்துக் கொடுத்தார். பட்டாணி நெட்டையை மட்டும் வெட்டி எடுத்துப் புது லேயரில் வைத்தாள். பின் வரிசைக்காரி முன் வரிசைக்காரர்களின் முகத்தில் ஏறி நின்றாள்! பட்டாணி முன்னால் இருந்தவர்களை நகலெடுத்து, இன்னொரு லேயராக அவளுக்கு மேலே வைத்தாள். அப்புறம்தான் நெட்டை ஒழுங்காகப் பின்னால் போனாள்.

ஆனாலும் எல்லார் முகத்திலும் காலை வெயில் இடப்பக்கம் விழுந்திருந்தது. நெட்டை முகத்தில் மட்டும் பிற்பகல் வெயில் வலப்பக்கம். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் உம்மென்று நின்றாள்.

"என்ன செஞ்சாலும் பழைய படம் வராது" என்று பட்டாணி கையைத் தொங்கப்போட்டாள்.

நெட்டை திரையையே பார்த்தாள். "இந்த லேயரையெல்லாம் ஒண்ணா ஒட்டிடுவியா?"

"அச்சுக்கு அனுப்பற படத்துல ஒட்டித்தான் ஆகணும்."

"நீ வச்சிருக்கற படத்துல ஒட்டாதே. என் லேயர் தனியாவே இருக்கட்டும். கோபம் போனதும் சிரிச்சு ஒரு படம் அனுப்பறேன். மாத்தி வச்சிக்கோ."

"எப்போ போகும்?"

"தெரியல."

பட்டாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நெட்டைக்கு மேலே காலியாக ஒரு லேயர் திறந்து, 'நெட்டை சிரிப்பு' என்று அதற்குப் பெயர் வைத்துச் சேமித்தாள்.