மூன்று சுற்று

பிற்பகல் 3.40. கழுவி வந்த ஃபிலிமில் நிலாவைக் காணவில்லை.

முந்தின மாலை கல்லூரித் தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, சந்திர கிரகணத்தை முப்பத்தாறு முறை படம்பிடித்திருந்தார் இயற்பியல் பேராசிரியர். இப்போது முதல்வர் அறையில் தாம் தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். குற்றவாளியையும் அவரே பிடித்துவிட்டார்: ஆய்வக அட்டெண்டர். காலையில் துடைக்கிறேன் பேர்வழி என்று கேமராவின் பின்மூடியைத் திறந்து வெளிச்சம் விட்டுவிட்டாராம். பதினெட்டு வருட வேலையைப் பறிக்கும் கடிதம் மேஜைமேல் தயாராக இருந்தது. ஐந்து மணிக்குக் கையெழுத்து.

பேராசிரியரின் அக்கா ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். தம்பியை வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்தான். ஆனால் வந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியாதவர். ஃபிலிமை ஜன்னலருகே தூக்கிப் பிடித்தார். ஓரத்தில் கம்பெனி அச்சிட்ட எண்கள் கறுப்பாக, பளிச்சென்று இருந்தன. மற்றபடி ஃபிலிம் முழுக்கக் கண்ணாடி போல வெறுமையாக இருந்தது.

4.10. அக்கா அட்டெண்டரை வரவழைத்தார்.

"மூடியைத் திறந்தீங்களா?"

"சத்தியமா இல்லம்மா. வெளியில மட்டும்தான் துடைச்சேன்," என்றார் அட்டெண்டர்.

"ஃபிலிமை மாட்டினது?"

"எப்பவும் நான்தான். நேத்து சார் வெடுக்குனு புடுங்கிட்டாரு. எனக்குத் தெரியாதான்னாரு."

அக்கா தம்பியிடம் திரும்பினார். "இன்னிக்கு ஃபிலிமைத் திருப்பிச் சுத்தி வெளியே எடுத்தது?"

"நான்தான்."

"எத்தனை சுத்து?"

"அதையெல்லாம் யாருக்கா எண்ணுவா?"

"முப்பத்தாறு படமாச்சே. கை வலிச்சிருக்குமே?"

பேராசிரியர் காதைத் தடவினார். "ஒரு... மூணு சுத்து இருக்கும்."

4.35. அக்கா கதவைச் சாத்தினார்.

"வெளிச்சம் பட்ட ஃபிலிமைக் கழுவினா கறுத்துப்போகும். இது கண்ணாடியா இருக்கு. சரியாக் கழுவினாத்தான் அந்த ஓரத்து எண் தெரியும்; அது தெளிவா இருக்கு, அதனால கழுவினவர் மேலயும் தப்பில்ல. ஃபிலிம் நுனி எதிர்ப்பக்க உருளையில மாட்டவே இல்லடா. அது டப்பாவுக்குள்ளயே தூங்கியிருக்கு. நீ வெறும் கேமராவை முப்பத்தாறு தடவை அமுக்கியிருக்க."

அக்கா ஃபிலிமை மேஜைமேல் வைத்தார்.

"அது கைத்தவறு, விடு. முப்பத்தாறு படம் ஓடியிருந்தா திருப்பிச் சுத்த முப்பது சுத்தாவது வேணும். மூணு சுத்துல முடிஞ்சப்பவே உனக்குத் தெரிஞ்சுதா, இல்லையா?"

"தெரிஞ்சுது," என்றார் பேராசிரியர், தரையைப் பார்த்து. "காலேஜ் முழுக்கப் பெருமையடிச்சிருந்தேன். எல்லாரும் சிரிப்பாங்கன்னு..."

முப்பது வருட சர்வீஸில் எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேட்டவர் அக்கா. கூடப் பிறந்தவனை நிற்கவைத்த வெட்கத்தில் அவருக்கும் தலை நிமிரவில்லை. முதல்வர் கடிதத்தைக் கிழித்தார்.

அட்டெண்டர் கேமராவை எடுத்துப் பேராசிரியரிடம் நீட்டினார்.

"ஒவ்வொரு படத்துக்கும் இந்தத் திருகு சுத்துதான்னு பாக்கணும் சார். சுத்தினா உள்ள ஃபிலிம் நகருதுன்னு அர்த்தம். பரவால்ல, அடுத்த கிரகணத்துக்கு நானே மாட்டித் தரேன்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் பேராசிரியர்.