எட்டாவது தடத்தில் ஒரு கோடு

கோடு எட்டாவது தடத்தில் விழுந்திருந்தது. அங்கே அது விழவே கூடாது.

அவள் ஜெல் பலகையைத் தூக்கி விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அந்த லேப் அறையில் பதினொரு வருஷமாக அவள் செய்துவரும் வேலை இது. ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தைத் தடத்துக்கு ஒரு சொட்டாக ஜெல்லில் வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். புரதங்கள் அததன் வேகத்தில் ஓடி அங்கங்கே நின்றுவிடும். பிறகு நீலச் சாயத்தில் முக்கி, புளித்த காடி வாடை அடிக்கும் திரவத்தில் அலசினால் மற்ற சாயமெல்லாம் கழன்று, புரதம் நிற்கிற இடம் மட்டும் நீலமாகத் தங்கும். நல்ல உடம்பென்றால் தடத்தின் கடைசிப் பகுதி புகைபோல மங்கலாகத் தெரியும். அங்கே நறுக்கென்று ஒரு கோடு விழுந்தால், எலும்பு மஜ்ஜைக்குள் ஒரே ஒரு செல் தன்னையே பெருக்கிக்கொண்டு மற்றதையெல்லாம் விரட்டுகிறது, புற்றுநோய் என்று அர்த்தம்.

ஏழு தடங்களில் நோயாளிகள். எட்டாவதில் அவளுடைய சொந்த ரத்தம்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ரத்தம் ஒன்று எப்போதும் வேண்டும். அதற்கென்று வரும் பாட்டில் ஒரு வாரம் வராமல் போனபோது அவள் தன் கையையே நீட்டினாள், அதுவே வழக்கமாகிவிட்டது. ரத்தம் எடுக்கிறவரை எல்லோரும் கொசு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். திங்கட்கிழமைதோறும் அவர் அவளுக்கு ஊசி குத்தும்போது, "ஊருக்கே அளவுகோல் நீதாம்மா" என்பார். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

ஆனைக்கும் அடி சறுக்கும், யாருடைய சொட்டையோ மாற்றி வைத்திருப்போம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு டாக்டருக்கு போன் போட்டுக் கோட்டைப் பற்றிச் சொன்னாள்.

"ரத்தம் சரியா உறையறதுக்கு முன்னாடியே மெஷின்ல சுத்தி சீரத்தை எடுத்திருப்பீங்க. அப்பவும் அப்படி ஒரு கோடு விழும். புதுசா எடுத்துப் பாருங்க" என்றார் டாக்டர். "யாரோடது?"

"ஒரு பேஷன்டோடது, டாக்டர்."

"வயசு?"

"முப்பத்தாறு."

"அடப்பாவமே."

போனை வைத்த பிறகும் அந்த ஒரு வார்த்தை காதிலேயே நின்றது. மூலை மேஜையில் மகள் தலையைக் குனிந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். மூன்றாம் வகுப்பு, பள்ளி விட்டால் நேரே இங்கேதான். தகப்பன் போய்ச் சேர்ந்து நான்கு வருஷமாகிறது. அம்மாவை விட்டால் அந்தக் குழந்தைக்கு நாதியில்லை. நான் போய்விட்டால் இவளுக்கு யார் தலை பின்னிவிடுவார்கள் என்று நினைத்ததுமே கொசு அண்ணனைக் கீழே வரச் சொல்லி போன் போட்டாள்.

கொசு அண்ணன் வந்தார். "என்னம்மா, இன்னைக்குப் புதன்கிழமைதானே?"

"எடுங்கண்ணே. அப்படியே உங்க ரத்தமும் ஒரு டியூப் குடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஊசி போட்டு முடித்து, இரண்டு டியூப்களையும் வைத்துவிட்டு மேலே போய்விட்டார்.

அரை மணி நேரம் முழுதாக உறையவிட்டாள். சுவர்க் கடிகாரத்தின் முள் துடிப்பதும், மகளின் பென்சில் தாளை உரசுவதும், குளிர்பெட்டி எங்கோ அடிவயிற்றிலிருந்து முனகுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, அந்த அறையில் தன்னைத் தவிர எல்லாம் மூச்சுவிடுவதாக அவளுக்குத் தோன்றியது. ரத்தம் கெட்டியாக உறைந்தது. சுழற்றி எடுத்தாள். முதல் தடத்தில் தன்னுடையது. இரண்டாவதில் கொசு அண்ணனுடையது.

"அம்மா, மூணாவது எனக்கு?"

மிச்சமிருக்கும் தடத்தில் தன் பாட்டில் தண்ணீரை ஒரு சொட்டு வைப்பது மகளின் விளையாட்டு. தண்ணீரில் ஏது புரதம்? அந்தத் தடம் எப்போதும் வெறுமையாகவே வரும். பலகையும் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. "வச்சுக்கோடி தங்கம்" என்றாள். குழந்தை நாக்கைக் கடித்துக்கொண்டு, கை நடுங்காமல் வைத்தாள்.

மின்சாரம். சாயம். அலசல்.

தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தாள். நீலம் திரவத்தில் புகைந்து புகைந்து கழன்றது. இரண்டாவது தடம் முதலில் தெளிந்தது. புகைதான், கோடில்லை. பிறகு முதல் தடம். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அதுவும் புகைதான்!

அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நான் சாகப்போவதில்லை. இவளைக் கட்டிக்கொடுத்து, பேரன் பேத்தி எடுத்துவிட்டுத்தான் போவேன். சந்தோஷத்தில் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மூன்றாவது தடத்தில் கோடு நின்றது.

கறுப்பாக. தடிப்பாக. தண்ணீரில்.

பலகையில் கோளாறு என்று சொல்லிக்கொண்டாள். அப்படியென்றால் மற்ற இரண்டும் ஏன் சுத்தமாக இருக்கின்றன? பாட்டிலில் ஏதோ கலந்திருக்கிறது. கலந்தது ஏன் சிதறாமல் ஒரே இடத்தில் நிற்கிறது? அவள் கேட்கக் கேட்கக் கேள்விகள்தான் பெருகின. யார் வைத்த சொட்டு அது? கடைசியில் அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சியது.

"அம்மா."

அவள் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது.

"அம்மா, கை ஜில்லுனு இருக்கும்மா."

திரும்பினாள். குழந்தையின் இடது முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, குறுக்காக ஒரு நீலக் கோடு.

"சாயத்தைத் தொட்டியா?"

"இல்லம்மா. சத்தியமா இல்லை."

சாயம்தான். சாயமாகத்தான் இருக்க வேண்டும். பஞ்சை அலசும் திரவத்தில் நனைத்துத் தேய்த்தாள். கோடு போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள். கோடு கறுத்தது. சுற்றியிருந்த தோல் வெளுத்தது.

"வலிக்குதாடா?"

"ஒண்ணுமே தெரியலம்மா."

கத்தினாள். கொசு அண்ணனைக் கூப்பிட்டாள். அடித்தளத்திலிருந்து யாருக்குக் கேட்கும்? போனை எடுத்தாள். டாக்டர் எடுக்கவில்லை. பஞ்சை வீசி எறிந்தாள். குழாயைத் திறந்து, குழந்தையின் கையை வெறும் தண்ணீரில் கழுவிக் கழுவி விட்டாள். துணியால் துடைத்தாள். போதும், போதும் என்று யாரிடமோ கெஞ்சினாள்.

வெளுப்பது நின்றபாடில்லை. மாநிறம் போனது. சிவப்பு போனது. நரம்பு போனது.

குழந்தை அம்மாவின் அழுகையைப் பார்த்து மிரண்டு, வேறென்ன செய்வதென்று தெரியாமல், மேஜைக்குப் போய்க் கையை நோட்டின்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "நான் சமத்தா எழுதறேன்மா. அழாதே."

அந்தக் கைக்கு அடியிலிருந்த ஏழாம் வாய்ப்பாட்டை, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை, கையினூடே அம்மாவால் படிக்க முடிந்தது. குறுக்கே அந்த ஒரு கோடு மட்டும்தான் மறைத்தது.