தாண்டிப் போகும் கை

மகாதேவி வட்டிலின் முன்னால் உட்கார்ந்திருந்த விதத்தில்தான் முதலில் ஏதோ பிசகு தெரிந்தது. சோறு ஆறிக்கொண்டிருந்தது. கத்தரிக்காய்க் குழம்பில் எண்ணெய் ஓரமாகத் திரண்டு நின்றது. கொக்குவில் ஸ்டேசனை விட்டுப் புறப்பட்ட பின்னேர ரயில் குசினிச் சட்டிகளை ஒருமுறை ஆட்டிவிட்டுப் போய், அந்த அதிர்வும் அடங்கி, கிணற்றடியில் வாளி சொட்டும் சத்தம் மட்டும் மிஞ்சிய பிறகும், அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, கண்ணை மூடி, வாயைத் திறந்தபடியே இருந்தாள்.

"சாப்பிடு தேவி," என்றாள் குணலட்சுமி.

அந்த வாய் மூடவில்லை.

குணலட்சுமியின் கூடப் பிறந்த ஒரே தங்கை. நீர்வேலியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே ஆளுயரத்துக்கு மேலே கிடுகு வேலி அடைத்த ஒரு வீட்டில், 'தாயாரின் பிள்ளைகள்' என்று சொல்லிக்கொண்ட ஒரு கூட்டத்தோடு போய்ச் சேர்ந்தவள். அங்கே அக்கா இல்லை, தங்கை இல்லை, புருசன் பெண்சாதி இல்லை. எல்லாரும் பிள்ளைகள், தாயார் ஒருத்திதான் தாய். தன் வாய்க்குத் தானே ஊட்டுகிற கைதான் 'நான்' என்ற எண்ணத்தை வளர்க்கிறது, அந்தக் கையை அடக்கினால் பிறவியே அறுந்துபோகும் என்பது தாயாரின் போதனை. ஆகவே அங்கே எவரும் தன் கையால் உண்பதில்லை. பொழுதுபடுகிற நேரம் தாயார் ஒரு பெரிய சட்டியில் சோறும் கறியும் குழைத்து எடுத்துக்கொண்டு, கண்ணை மூடி வரிசையாக இருப்பவர்களின் முதுகுப்பக்கமாக நடந்து வந்து, ஒவ்வொரு வாயிலும் ஒரு கவளம் வைப்பாவாம்.

மாசி மாதம் தாயார் இறந்துபோனா. அயலவர்கள் வேலியைப் பிரித்து உள்ளே போனபோது கோர்க்காலி மேடையில் நெல் மூட்டை இருந்தது, அடுப்படியில் விறகு இருந்தது. பிள்ளைகள் வாயைத் திறந்தபடி வரிசையாக இருந்தார்கள். சிலர் பிறகு எழும்பவேயில்லை. குணலட்சுமியின் புருசன் பஞ்சலிங்கம் மச்சாள் மகாதேவியை விறகுக்கட்டுப் போலத் தூக்கி மாட்டுவண்டியில் கிடத்திக் கொண்டுவந்து சேர்த்தான். அவளுடைய தலைமயிரில் அந்தத் தோட்டத்து வாழைச்சாற்றின் கயர் மணம் இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டு முழுகவார்த்தும் போகவில்லை.

"பசிக்கேல்லையே உனக்கு?"

"பசிக்குது."

"அப்ப எடுத்துச் சாப்பிடன்."

"அது பிழை."

"தாயார் தராட்டி என்னடி செய்வியள்?"

மகாதேவி கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "கை தாண்டிப் போனால் நாங்கள் ஏதோ பிழை செய்திருக்கிறம் எண்டு அர்த்தம். என்ன பிழை எண்டு ஒருத்தரும் சொல்லாயினம். நாங்கள்தான் தேடவேணும். தேடினால் ஏதாவது ஒண்டு கிடைக்கும்தானே. கிடைச்சதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லவேணும். மற்றவையின்ரை பிழை தெரிஞ்சால் அதையும் சொல்லலாம்."

குணலட்சுமி ஒரு தாய். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வட்டிலை இழுத்து, சோற்றோடு பருப்பையும் குழம்பையும் விட்டுக் குழைத்து, எலுமிச்சங்காய் அளவில் உருட்டி, தங்கையின் வாயில் வைத்தாள். பிள்ளைகளுக்குக் குழையல் சோறு கொடுக்காத வீடு யாழ்ப்பாணத்தில் எங்கே இருக்கிறது? மகாதேவி மென்று விழுங்கினாள். மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"நீங்கள் எனக்குத் தாறியள். உங்களுக்கு ஆர் தாறது?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன, கை இருக்குது," என்று சொல்லி குணலட்சுமி சிரித்தாள். உடம்பு கொஞ்சம் தேறட்டும், பிறகு தானாகவே எடுத்துச் சாப்பிடுவாள் என்று நினைத்தாள்.

உடம்பு தேறியது. கை மட்டும் முதுகுக்குப் பின்னால்தான்.

சின்னம்மா செய்வதைப் பார்த்து மகள் பராசக்தியும் பக்கத்தில் வந்து குந்தி வாயைத் திறக்கத் தொடங்கினாள். பிள்ளை விளையாடுகிறாள் என்று குணலட்சுமி அவளுக்கும் ஊட்டினாள். ஒரு நாள் மகளின் வாய்வரைக்கும் கவளத்தைக் கொண்டுபோனவள், அடுப்பில் சொதி பொங்குகிற சத்தம் கேட்டு அப்படியே திரும்பி எழுந்து போனாள். அவ்வளவுதான் நடந்தது. திரும்பி வந்தபோது பிள்ளை விக்கி விக்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, அலுமாரிக் கண்ணாடியை உடைச்சது பூனையில்லை. நான்தான்."

சும்மா சொல்லக்கூடாது, குணலட்சுமிக்கு அது இனித்தது. அடித்தும் கெஞ்சியும் வெளிவராத உண்மை, ஒரு பிடி சோறு தாமதித்ததும் வந்து விழுந்துவிட்டதே! அடுத்த முறை வேண்டுமென்றே தாண்டினாள். அதற்கடுத்த முறையும். பராசக்தி சொல்வதற்குப் பிழைகள் தீர்ந்துபோய், செய்யாததையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டே, "அப்பா உங்களுக்குத் தெரியாமல் சுருட்டுப் பத்துறவர்," என்றாள்.

முதலில் பஞ்சலிங்கம் பகிடி பண்ணினான். "வீடு இப்ப கோயில் மாதிரி. ஒரு சத்தஞ் சந்தடி இல்லை." ஆனால் சத்தமில்லாத வீட்டில் ஒரு மனிதன் எத்தனை நாளைக்குத் தனியே கதிரையில் இருந்து சாப்பிடுவது? ஒரு பின்னேரம் அவனும் வந்து பாயில் இருந்தான். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டான். குணலட்சுமிக்குத் தேகம் கூசியது. எழும்புங்கோ என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் கை அதற்கு முன்னமே அவன் முகத்தருகே போய், ஒரு கணம் நின்று, அவனைத் தாண்டியது.

"வண்டியிலை கொண்டுவரேக்கை, இவள் வழியிலை செத்துப் போனால் நல்லது எண்டு நினைச்சனான்," என்றான்.

"ஓம்," என்று மகாதேவி தலையாட்டினாள். அவள் முகத்தில் கோபமே இல்லை.

அன்றுதான் குணலட்சுமிக்குப் பயம் பிடித்தது. நாளைக்கே தேவியை எங்காவது அனுப்பிவிட வேண்டும். நாளைக்கு எல்லாருக்கும் வட்டில் வைப்பேன், எல்லாரும் தங்கள் தங்கள் கையால் சாப்பிட வேண்டும், சாப்பிடாவிட்டால் பட்டினி கிடக்கட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் பொழுதுபட்டது. வட்டில்களை வைத்தாள். சோறு போட்டாள், முருங்கைக்காய்க் குழம்பு விட்டாள். லாந்தரைக் கொளுத்திச் சுவரோரம் வைத்தாள். அவர்கள் மூவரும் எதிரே வரிசையாக வந்து இருந்தார்கள். கைகள் பின்னால். கண்கள் மூடி. மூன்று வாய்கள்.

"நான் தரமாட்டன். எடுத்துச் சாப்பிடுங்கோ," என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. ரயில் வந்தது, சட்டிகள் ஆடின, ரயில் போனது. பராசக்தியின் கீழுதட்டில் எச்சில் திரண்டு மடியில் சொட்டியது. சரி, நான் சாப்பிட்டுக் காட்டுகிறேன், பார்த்துப் பழகட்டும் என்று குணலட்சுமி தன் வட்டிலை முன்னால் இழுத்தாள். அப்போதுதான் உறைத்தது. தான் கடைசியாக எப்போது சாப்பிட்டாள்? எல்லாருக்கும் கொடுத்து முடிந்தபின் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தது நினைவிருந்தது. சாப்பிட்டது நினைவில்லை. பசி திடீரென்று குடலைப் பிடித்து முறுக்கியது.

குழைத்தாள். உருட்டினாள். தூக்கினாள்.

கை மார்போடு நின்றது.

இன்னும் கொஞ்சம். வரவில்லை. மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்து உந்தினாள். விரல்கள் விரிந்தன. கவளம் மடியில் விழுந்து உடைந்தது. இரண்டு கைகளும் மெல்லப் பின்னால் போயின. அவள் போகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் அவை ஒன்றையொன்று தேடிக் கோத்துக்கொண்டன.

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாய் திறந்தபடியே நின்றது.

வாழைக்கயர் மணம்.

அவர்கள் வீட்டு வளவில் வாழை இல்லை. கிணற்றடியில் நின்ற வாழைகள் போன மாரி மழையில் சரிந்துபோயிருந்தன.

முதுகுப்பக்கம், மிக அருகில், சட்டிக்குள் சோறு குழைக்கிற சத்தம். ஈரமான சத்தம். அவசரமில்லாத சத்தம். எதிரே மூவரும் இருக்கிறார்கள். மூவரின் கைகளும் பின்னால்தான். அப்படியென்றால் இது யார்?

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்பவில்லை. இமைகள் தாமாக மூடிக்கொண்டன.

கை வந்தது. அதன் குளிர் கன்னத்தில் பட்டது. சோற்றின் சூடு உதட்டில் பட்டது. பசி. வேறெதுவும் இல்லை, பசி மட்டும். அவள் வாயை இன்னும் அகலத் திறந்தாள்.

கை ஒரு கணம் நின்றது.

பிறகு தாண்டிப் போனது.

இருட்டில் குணலட்சுமி தன் பிழையைத் தேடத் தொடங்கினாள்.