அவிழ்த்த கயிறு

அந்தக் கருவி நோயாளியின் வயிற்றின் மேல் சத்தம் போட்டிருந்தால் நர்ஸ் யோகேஸ்வரி பதறியிருக்க மாட்டாள். அதற்காகத்தானே வாங்கினார்கள். அறுவை முடிந்து தைப்பதற்கு முன், உள்ளே பஞ்சுத்துணி ஏதும் மறந்து கிடக்கிறதா என்று தேடிச் சொல்வது அதன் வேலை. ஒவ்வொரு துணியிலும் அரிசி மணி அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லு வைத்துத் தைத்திருக்கும். கோல் மாதிரி இருக்கும் கருவியை உடம்புக்கு மேலாக மெல்ல நகர்த்தினால், சில்லு இருக்கும் இடத்தில் கத்தும். நோயாளி சின்னையாவின் நெஞ்சிலிருந்து தொடை வரைக்கும் நகர்த்தினாள். அது மூச்சு விடவில்லை. துணிக் கணக்கும் சரியாக இருந்தது. கருவியைத் தாங்கியில் மாட்டத் திரும்பியபோது அது அவளுடைய ஏழு மாத வயிற்றைக் கடந்தது. அப்போதுதான் கத்தியது.

“என்னக்கா, துணிய நீங்க முழுங்கிட்டீங்களா?” தையல் ஊசியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த பிரேமலா முகமூடிக்குள்ளேயே சிரித்தாள்.

டாக்டர் ரவிச்சந்திரன் குனிந்த தலை நிமிரவில்லை. “வந்து ஒரு மாசம் ஆகல, அதுக்குள்ள ரோசாக் லா, கெட்டுப்போச்சு. பேட்டரிய மாத்துங்க.”

யோகேஸ்வரியும் சிரித்து வைத்தாள். பேட்டரியை மாற்றி மேசை மேல் நகர்த்தினாள், சுவரில் நகர்த்தினாள், கருவி வாய் திறக்கவில்லை. வெளியே சுங்கை பட்டாணி நகரம் முழுக்க மாலை மழை பிடித்து அடித்துக்கொண்டிருந்தது. ஏர்கோன் குளிரில் ஸ்பிரிட் வாசனையும் தீய்ந்த சதையின் வாசனையும் கலந்து தொண்டையில் நின்றன. மற்ற இருவரும் தையலில் மூழ்கியிருந்த நேரம் பார்த்துக் கருவியை மறுபடியும் தன் வயிற்றருகே கொண்டுபோனாள். கத்தியது. சத்தம் ஒரே இடத்தில் நிற்கவும் இல்லை. தொப்புளுக்குக் கீழே தொடங்கி இடப்பக்கம் நகர்ந்து விலாவோரம் போய்த் திரும்பி வந்தது, உள்ளே ஏதோ ஒன்று சுற்றி வருவதுபோல. எத்தனை வருடம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஊசி போட்டு ஊசி போட்டு உடம்பைப் புண்ணாக்கிக்கொண்டு சுமக்கிற பிள்ளை!

மெஷின்தான் கெட்டுப்போயிருக்கிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சில்லு வைத்த துணி ஒன்றைக்கூட அவள் சட்டைப் பையில் போடவில்லை. அன்று அதில் எடுத்துப் போட்டது சின்னையாவின் இடுப்புக் கயிறு மட்டும்தான்.

குடல் வெடித்த அந்த மனுஷனை மதியம் செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து தூக்கி வந்தார்கள். இடுப்பில் முனியாண்டி கோயில் கறுப்புக் கயிறு, அதில் ஒரு செப்புத் தாயத்து. ரத்தத்தை அடைக்க மின்சாரச் சூடு வைக்கும்போது உடம்பில் உலோகம் கிடந்தால் தோல் வெந்துபோகும். வருடக்கணக்கில் ஊறிய எண்ணெயும் அழுக்கும் வேறு. வழக்கமாக ஒரே வெட்டாக வெட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டாரிடம் கொடுத்துவிடுவாள். ஆனாலும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளாயிற்றே. வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு சாமி கயிற்றில் கத்தரி வைக்க இன்றைக்கு மனசு வரவில்லை. நகத்தால் நெகிழ்த்தி, முடிச்சைப் பக்குவமாக அவிழ்த்தாள். கயிறு வெதுவெதுவென்று இருந்தது. காய்ச்சல்காரர் உடம்பில் கிடந்தது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துச் சுருட்டித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தையல் முடிந்து சின்னையாவை அடுத்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். யோகேஸ்வரி வெளியே வந்தாள். அவருடைய மகள் காஞ்சனா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“அப்பா நல்லா இருக்காரு தங்கச்சி. இனிமே பயம் இல்ல.”

காஞ்சனா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “கயித்த அறுத்துட்டீங்களா மிஸி?”

“சேச்சே, அறுப்பேனா? பத்திரமா அவுத்து வெச்சிருக்கேன்.”

கும்பிட்ட கை அப்படியே நின்றது.

“அறுத்திருக்கலாமே மிஸி. அறுத்தா அதுல கட்டி வெச்சது அதோட போயிரும். அவுக்கறதுன்னா கட்டுன பூசாரிதான் அவுக்கணும். வேற ஆளு அவுத்தா அது சும்மா இருக்காது.” அவள் பார்வை யோகேஸ்வரியின் வயிற்றுக்கு இறங்கியது. ஓரடி பின்னால் நகர்ந்தாள். “எங்க வெச்சிருக்கீங்க? இப்பவே பாருங்க.”

பையில் கைவிட்டாள். பேனா இருந்தது. மிட்டாய்த் தாள் இருந்தது. மற்றப் பையையும் உள்வெளியாகத் திருப்பிப் பார்த்தாள். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது. விபூதி வாசனை அடித்தது. கயிறு இல்லை.

அறுவை அறைக்குத் திரும்பி வந்தபோது டாக்டர் போய்விட்டிருந்தார். பிரேமலா மட்டும் கத்திகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“பிரேமா, அந்த ஸ்கேன் மெஷின இங்க தள்ளிட்டு வா.”

“ஏன்க்கா? போன வாரம்தான பாத்தீங்க?”

“தள்ளிட்டு வாடி!”

யோகேஸ்வரி மேசையில் ஏறிப் படுத்தாள். பிரேமலா வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் முனையை வைத்து அழுத்தினாள். திரையில் சாம்பல் நிறம் அலைந்து, மெல்லத் தெளிந்தது. தலை. முதுகெலும்பு. இதயம் படபடவென்று துடித்தது. அப்பாடா, என் கண்ணு. யோகேஸ்வரிக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் கீழ காட்டு.”

இடுப்பு தெரிந்தது. இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு.

“தொப்புள் கொடி லா அக்கா,” என்றாள் பிரேமலா.

தொப்புள் கொடி தடிமனாக இருக்கும். துடிக்கும். இது மெல்லிசு. துடிக்கவில்லை. ஓரத்தில் பளிச்சென்று ஒரு சின்ன உருளை. தாயத்து.

தாங்கியில் மாட்டியிருந்த துணி தேடும் கருவி கத்தத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. நிறுத்தாமல் கத்தியது.

கயிற்றில் முடிச்சு இல்லை. இரண்டு முனைகளும் விலகிக் கிடந்தன. பிள்ளை அசையவில்லை. முனைகள் அசைந்தன.

“அக்கா,” என்றாள் பிரேமலா. “அக்கா, அது யாரு?”

திரையில், பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்த இருட்டிலிருந்து விரல்கள் வந்தன. பிள்ளையின் விரல்கள் அல்ல. தடித்த விரல்கள். வளர்ந்த ஆளின் விரல்கள், நீண்ட நகங்களோடு. இரண்டு முனைகளையும் எடுத்தன. அவசரமே இல்லாமல், பக்குவமாக, முடிச்சுப் போட ஆரம்பித்தன.