பதினோராவது ஓட்டை

“ஹலோ... அது என் ரைபிள்!”

ஜெயசீலி போட்ட சத்தத்தில் கொட்டகைக் கூரைமேல் இருந்த காக்கைகள்கூட எழுந்து பறந்துவிட்டன. ரைபிளை எடுத்தவன் மட்டும் அசையவில்லை. மெல்லத் திரும்பினான்... அவன் புருவத்தில் ஒரு மழைத்துளி தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே இரண்டு கண்கள். சிரிக்கலாமா, வேண்டாமா என்று அவளிடமே அனுமதி கேட்கிற கண்கள்.

“உங்க பேரு எதுவும் எழுதலையேங்க...”

“எழுதி வேற வைக்கணுமா? ஒரு வருஷமா நான்தான் இதுல சுடறேன். யாரை வேணா கேளுங்க.”

“குலுக்கல்ல எனக்கு வந்துச்சு. அதுக்கு நான் இன்னா பண்றது?”

பாகூர் ஏரியைத் தாண்டி, கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது அந்தச் சின்ன ரைபிள் கிளப். அன்று அங்கே படுத்தபடி சுடுகிற பழைய ரைபிள் போட்டி. யாருக்கு எது என்று குலுக்கிப் போட்டுத்தான் கொடுப்பார்கள். எல்லாமே கிழட்டு ரைபிள்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டப்பெயர், ஒரு கோணல் புத்தி. அவன் கையில் இருந்த ‘மகாராணி’ குண்டைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளும். அது தெரிந்து வலப்பக்கமாகக் குறி வைத்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். ஜெயசீலிக்கு வந்ததோ ‘சண்டி’. தோட்டா ஏற்ற அதன் போல்ட்டை இழுத்தால் வராது, வந்தால் போகாது.

அன்றைக்கு முதலாவதாக வருகிறவருக்கு மண்டலப் போட்டியில் இடம். கிளப்புக்கு ஒரே இடம்தான். அதற்காக ஜெயசீலி ஒரு வருஷமாகத் தூக்கத்தில்கூடக் குறி பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ப்பா, நீயே சொல்லுப்பா!” என்று போட்டியை நடத்துகிற ரேஞ்ச் ஆபீசரிடம் ஓடினாள். ரேஞ்ச் ஆபீசர் அமிர்தசாமி அவளைப் பெற்ற அப்பாதான். ஆனால் கழுத்தில் விசிலை மாட்டிவிட்டால் அவருக்கு மகளும் கிடையாது, மனைவியும் கிடையாது.

“வந்ததை வச்சிச் சுடு. போய்ப் படு,” என்றார்.

அவனுக்கு நாலாவது லேன். அவளுக்கு அஞ்சாவது. எதிரே அந்தந்த லேன் நம்பர் எழுதிய குறி அட்டைகள். பேர் அரிகரனாம்... வில்லியனூரில் பெயின்ட் கடைக் குடும்பமாம்... மாலை நேரத்தில் வந்து பழகுகிறவனாம். கேட்காமலேயே இத்தனையும் சொன்னது, அஞ்சாவது லேனுக்கு அந்தப்பக்கம் படுத்திருந்த பண்டசோழநல்லூர் வீரப்பன். வீரப்பன் சுடுவதற்காக வருகிறவர் அல்ல. போட்டி முடிந்ததும் தருகிற இட்லிக்கும் வடைகறிக்கும் வருகிறவர்.

விசில் ஒலித்தது. ‘மாதாவே... அவன் குண்டெல்லாம் இடப்பக்கமே போகணும்’ என்று வேண்டிக்கொண்டு ஜெயசீலி ஓரக்கண்ணால் பார்த்தாள். போயிற்று. அரிகரன் நெற்றியைச் சுருக்கினான். மறுபடி சுட்டான். மறுபடியும் இடப்பக்கம். குழம்பிப்போய் உதட்டைக் கடித்துக்கொண்டு, ரைபிளைத் தட்டிக்கொடுத்து, “கொஞ்சம் தயவு பண்ணும்மா...” என்று கெஞ்சினான்.

ஜெயசீலிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் பாவமாக இருந்தது. அதற்கப்புறம் வந்தது என்னவென்று அவளுக்கே பெயர் தெரியவில்லை. ஒரு குண்டு சுடுவாள், ஒரு தரம் பார்ப்பாள். மூன்றாவது குண்டிலேயே ரைபிளின் கோணல் அவனுக்குப் பிடிபட்டுவிட்டது. அப்போது அவன் முகத்தில் பூத்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, அதே மயக்கத்தில் திரும்பிக் குறி வைத்து விசையை அழுத்தினாள்.

டப்!

நடுப்பொட்டு... அப்படியே நடுப்பொட்டு! அன்றைய அவளுடைய மிகச் சிறந்த குண்டு. பூரித்துப்போய் அட்டையின் தலையைப் பார்த்தாள். அங்கே ‘நாலு’ என்று எழுதியிருந்தது.

சேசுவே!

பக்கத்தில் அரிகரன் போல்ட்டைத் திறந்து வைத்தபடி, அட்டையைக் கிட்டத்தில் காட்டும் ஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தான். சுடாமலே தன் அட்டையில் ஓட்டை விழுவதைப் பார்த்தவன், மெதுவாக அவள் பக்கம் திரும்பினான். கண்ணும் கண்ணும் முட்டிக்கொண்டன. அவள் சட்டென்று மழையைப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மழையும் நின்று தொலைத்திருந்தது.

போட்டி முடிந்தது. அமிர்தசாமி அட்டைகளைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார்.

“நாலுல பதினோரு ஓட்டை. அஞ்சுல ஒம்போது. ஆளுக்குப் பத்துத் தோட்டாதானே குடுத்தேன்? யாரு வேலை இது?”

ஜெயசீலி அட்டைகளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள். கரியமாணிக்கம் பால் சங்கத்தில் பால் பரிசோதிக்கிறவள் அவள். தண்ணீர் ஊற்றினவர்களை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள். இப்போது தன் முகம் எப்படி இருக்கும் என்று நன்றாகவே தெரிந்தது. சொன்னால் அந்தக் குண்டின் மார்க் போகும், மண்டலப் போட்டி போகும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ‘பக்கத்து லேன்ல இன்னா பாத்தே?’ என்று ஊரே கேட்குமே... அதுவும் அப்பா முன்னால்!

“ஒண்ணு... அட்டைக்கு வெளிய போயிடுச்சிப்பா,” என்றாள்.

“சார்,” அரிகரன் ஒரு அடி முன்னால் வந்தான். “நான்தான். பாக்கெட்டுல வேற ஒரு தோட்டா இருந்துச்சு. சேத்துச் சுட்டுட்டேன்.”

அமிர்தசாமி அவனை ஏற இறங்கப் பார்த்தார். “அது திருட்டுத்தனம் தம்பி. தெரியுமில்ல? இனிமே இந்தக் கேட்டுக்குள்ள கால் வைக்காத.”

“சரி சார்.”

மகாராணியை மேஜைமேல் பதமாக வைத்தான். அவளை ஒரே ஒரு தரம் பார்த்தான். கோபம் இல்லை அந்தக் கண்களில்... ‘போய் ஜெயிச்சிட்டு வா’ என்றது போலிருந்தது. திரும்பி நடந்தான். அவன் கேட்டை எட்டுவதற்குள் ஜெயசீலி கத்திவிட்டாள்.

“நில்லுங்க! ப்பா... அது என் குண்டு!”

“உன் குண்டு அங்க எதுக்குப் போச்சு?”

“நான்... அவரையே பாத்துட்டு இருந்தேன்...”

“எதுக்கு?”

“ப்பா! அதையும் மைக்ல சொல்லணுமா?”

கொட்டகை கொல்லென்று சிரித்தது. வீரப்பன் இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். கிளப்பில் இரண்டாவது விசில் ஊத யாருக்கும் அனுமதி இல்லை என்பதால் அமிர்தசாமி அவரை முறைத்தார். பிறகு தன் சட்டைப் பையிலிருந்ததை மேஜைமேல் கொட்டினார். எல்லாம் காலித் தோட்டாக்கள்.

“ரெண்டு லேன்லயும் பொறுக்குனது. இருபதுதான் இருக்கு. ஏம்பா, உன் பாக்கெட்டுத் தோட்டா சுட்டதும் பறந்து போச்சா?”

அரிகரனின் காது மடல்வரை சிவந்தது. “அவங்க... ஒரு வருஷமாக் காத்துனு இருந்தாங்களாம் சார்...”

“அதுக்கு?”

“ரைபிளைத்தான் விட்டுக்குடுக்கல... இதையாச்சும்...”

“ரேஞ்ச் ஆபீசர்கிட்ட ரெண்டு பேரும் பொய் சொன்னீங்க. ரெண்டு பேருக்கும் இன்னிக்கு மார்க்கே கிடையாது. அடுத்தது யாரு?”

அடுத்தது வீரப்பன். மண்டலப் போட்டிக்குத் தேர்வான செய்தியைக் கேட்டதும் அவர் திடுக்கிட்டார். “அங்க வடைகறி போடுவாங்களா?” என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

தண்டனை அத்துடன் முடியவில்லை. ரைபிள்களை எல்லாம் இருவரும் துடைத்து வைக்க வேண்டுமாம். தண்டனை கொடுத்த அப்பா, அறைக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டு, எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

மகாராணியின் குழலுக்குள் எண்ணெய்த் துணியை விட்டபடி அரிகரன் மெதுவாகக் கேட்டான். “கோவமா?”

“இல்லாம? ஒரு வருஷம் போச்சு...” என்றவள் சண்டியைத் துடைப்பதை நிறுத்தினாள். “நீங்க ஏன் திருடன் பேரு வாங்கினீங்க? என்னை யாருன்னே தெரியாதே உங்களுக்கு...”

“தெரியாதுதான். ஆனா, நீங்க அழுதுனு போறதைப் பாக்க முடியாதுன்னு தோணுச்சு. காலைல சண்டைக்கு வந்தீங்களே... அப்பவே புடிச்சிப்போச்சுங்க.”

ஜெயசீலி சண்டியின் போல்ட்டை இழுத்தாள். ஆச்சரியம், ஒரே இழுப்பில் வந்தது!

“நெஜமா என்னையா பாத்தீங்க? இல்ல ரைபிளையா?” என்று கேட்டான் அரிகரன்.

“மொதல்ல ரைபிளைத்தான்...”

“அப்புறம்?”

அவள் மேஜையில் கிடந்த நாலாம் நம்பர் அட்டையை எடுத்து நடுப்பொட்டில் இருந்த ஓட்டையைத் தடவிப் பார்த்தாள். அவன் கைநீட்டினான். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அதை அவனிடமே கொடுத்துவிட்டாள்.

“அடுத்த ஞாயித்துக்கெழமையும் பக்கத்து லேன் எடுக்கட்டுமாங்க?”

“எடுங்க. ஆனா என் அட்டையைப் பாத்துத்தான் சுடுவேன்.”

“அப்ப என்னைப் பாக்க மாட்டீங்களா?”

ஜெயசீலி வாசலைப் பார்த்தாள். அப்பா எதற்கோ வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி தூறல் விழ ஆரம்பித்திருந்தது.

“சுட்டு முடிச்சப்புறம் பாக்கறேன்...” என்றாள், தலை குனிந்து, சிரிப்பை அடக்க முடியாமல். “எனக்குப் போதும்னு தோணறவரைக்கும் பாப்பேன்... பரவால்லையா?”