விரலில் சுற்றிய சணல்

கதவு படாரென்று சுவரில் மோதியது. நோன்புக் களைப்பில் கண் சொருகியிருந்த கமால் நாற்காலியோடு மல்லாந்து விழப் பார்த்தான். டிராம் கண்டக்டர் வேலையை உதறிவிட்டுத் துப்பறியும் ரகுபதியிடம் உதவியாளாகச் சேர்ந்தவன் அவன்.

வாசலில் வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு பெண் மூச்சிரைக்க நின்றாள்.

"ரகுபதி சார் யாரு? நான் ஜீனத். என் வூட்டுக்காரருக்கு சர்பத்துல வெசம் வெச்சேனாம்! சாயங்காலம் போலீசு என்னை இட்டுகினு பூடும். ரெண்டு கைப்புள்ளைங்க கீது சார்!"

"உட்காருங்கம்மா. யார் சொன்னது?" என்று எதிர் நாற்காலியைக் காட்டினார் ரகுபதி.

"அவரோட அண்ணன், காஜா மொய்தீன் மேஸ்திரி. என் வூட்டுக்காரரு ஷாகுல் ஹமீது அவருகிட்டதான் ஆர்பர்ல மூட்டை தூக்குறாரு. ஒரு ஆளு கொறஞ்சாலும் அடுத்த கப்பலு வேற மேஸ்திரிக்குப் பூடும்னு மச்சான் எப்பவும் பயந்துகினே இருப்பாரு. முந்தாநேத்து மத்தியானம் கிடங்குல இவரு மயங்கி வுழுந்தாரு. அதுலேர்ந்து ஒண்ணுக்கே போவல. சிறுநீரகம் நின்னு போச்சு, வெசமா இருக்கலாம்னு டாக்டரம்மா சொல்றாங்க. விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுல சர்பத்து கலக்கிக் குடுத்தது நான்தானே!"

அந்த வருஷம் நோன்பு மே மாத வெயிலில் வந்திருந்தது. மூவரும் போய்ச் சேர்ந்தபோது ராயபுரம் ஆஸ்பத்திரியில் மின்விசிறிகூடக் கனவில் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றியது. ஜன்னலுக்கு வெளியே கானல் நெளிய, கப்பல்கள் தண்ணீரை விட்டு எழும்பி ஆகாயத்தில் மிதப்பதாகக் கமாலுக்குத் தோன்றியது. கட்டிலில் கிடந்த ஷாகுல் அரைக்கண் மூடி முனகினான்.

"காலு ரெண்டும் மூட்டையா கனக்குது... வுடு, நான் படுத்துக்கறேன்..."

ரகுபதி அவன் கைகளை மெதுவாக உயர்த்தினார். இரண்டு அக்குளிலும் சிவந்த தடிப்பு. ஆள்காட்டி விரலில் சணல் நூல் இறுகச் சுற்றியிருந்தது. ஜீனத் மூட்டையாக வைத்திருந்த அவன் துணிகளை வாங்கிப் பிரித்தார். கைலியின் பின்பக்கம் முழுக்கக் கரித்தூள். சட்டையின் முதுகில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை.

"வெசம் குடிச்சா அக்குள்ல தடிக்குமா சார்?" என்று கமால் காதில் கிசுகிசுத்தான்.

"தடிக்காது. அண்ணனைக் கூப்பிடு. டாக்டரையும்."

டாக்டர் ஆலிஸோடு உள்ளே வந்ததுமே காஜா மொய்தீன் குரலை உயர்த்தினார். "வுழுந்ததும் தரையில மல்லாக்கப் படுக்க வெச்சேன் சார். வண்டி கெடச்சதும் இட்டாந்தேன். எல்லாம் இவ குடுத்த சர்பத்து!"

"அல்லா பாத்துகினு கீறான் மச்சான்!" என்றாள் ஜீனத்.

"மேஸ்திரி, மூட்டை தைக்கிறவன் அன்றைக்கு வந்தானா?"

"தாவூதா? வர்ல."

"ஆள் எண்ணக் கப்பல் ஏஜெண்டு துரை வந்தாரா?"

காஜா மொய்தீனின் தலை ஆமென்று லேசாக அசைந்தது.

"கரித்தூள் படிந்த கிடங்குத் தரையில் மல்லாந்து கிடந்தவன் சட்டை இப்படி வெளுப்பாக இருக்குமா? உட்கார்ந்த இடம் மட்டும்தான் கறுப்பு. மூட்டை தூக்குகிறவன் விரலில் சணல் எதற்கு? துரை கண்ணுக்கு ஆள் குறையக்கூடாது. அக்குளில் கயிறு கொடுத்துத் தூணோடு கட்டி, விரலில் சணலைச் சுற்றி, தாவூதின் இடத்தில் இவன் உட்கார்ந்து தைப்பதுபோல் காட்டினீர்கள்."

டாக்டர் ஆலிஸ் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "எவ்வளவு நேரம்?"

"மத்தியானம் லுஹர் பாங்கு சொன்னதுலேர்ந்து... சாயங்காலம் அஸர் வரைக்கும்" என்றார் மேஸ்திரி.

"நோன்பிலும் வெயிலிலும் வற்றிய உடம்பய்யா அது! நிமிர்த்தியே வைத்தால் ரத்தம் காலில் தேங்கிவிடும். மிச்சமுள்ளதை மூளைக்கும் இதயத்துக்கும் காப்பாற்ற, உடம்பு சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தைத்தான் முதலில் குறைக்கும். ரத்தம் வராத சிறுநீரகம் எதைப் பிரிக்கும்? இதற்கு விஷமே வேண்டாம். போலீசுக்கு நானே சொல்கிறேன்."

"அவர் பொழச்சிக்குவாரா டாக்டரம்மா?" ஜீனத் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஆலிஸ் கட்டிலுக்கடியிலிருந்து கண்ணாடிப் புட்டியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் தேநீர் நிறத்தில் கொஞ்சம் ததும்பியது. "சற்று முன்தான் வந்தது. சிறுநீரகம் கண் விழிக்கிறது அம்மா."

ஜீனத் துப்பட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரகுபதி மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "மயங்கினவன் கீழே சாய்வது உடம்பு தனக்குத்தானே செய்துகொள்ளும் வைத்தியம். படுத்தால் ரத்தம் திரும்பி வரும். அவனைச் சாயவாவது விட்டிருக்கலாம்."

காஜா மொய்தீன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். தொலைவில் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது.

"ரெண்டு தபா சாய்ஞ்சான் சார்... ரெண்டு தபாவும் நான்தான் நிமித்திக் கட்னேன்."