வேளை தவறாமல்

மெல்லும் சத்தம் தொடங்கி அறுபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது.

முதலில் அது மகளின் அறையிலிருந்து வந்தது. காய்ந்துபோன எதையோ கடைவாயில் ஒதுக்கி, அவசரமே இல்லாமல், யாரோ அரைத்துக்கொண்டிருப்பதைப் போல. அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். மடித்து வைத்த போர்வை, மூடிய ஜன்னல், காலியான கட்டில். அவள் உள்ளே கால் வைத்ததும் சத்தம் கூடத்துக்குப் போயிற்று. கூடத்துக்கு வந்தால் சமையலறைக்கு. எலியாக இருக்கும் என்று ஒரு மணி நேரம் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். எலி கொறிக்கும், மெல்லாது. பதினோரு வருடமாகப் பல் செட் செய்து பிழைப்பவளுக்கு முன்பல்லின் சத்தமும் கடைவாயின் சத்தமும் வேறு வேறு என்று தெரியும்.

நாளைக் காலை பத்து மணிக்கு நாத்தனார் வருகிறாள், மகளைக் கூட்டிக்கொண்டு. அம்மா நன்றாக இருக்கிறாள் என்று பட்டால் குழந்தையை இங்கே விட்டுவிட்டுப் போவாள். இல்லையென்றால் அப்படியே திரும்பக் கூட்டிப் போய்விடுவாள். கணவனுக்குக் கப்பலில் வேலை. அக்கா சொல்வதுதான் அவனுக்கு வேதவாக்கு.

நாத்தனாரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருடம் வயிறு முறுக்கி முறுக்கி வலித்தது, அதோடு பயமும் வந்தது, எது முதலில் வந்தது என்று இப்போதும் அவளுக்குத் தெரியாது. ஒரு மத்தியானம், யாரோ வருகிறார்கள் என்று மகளைத் துணி அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். நாலு மணி நேரம். வரவேண்டியவர் யாரும் வரவில்லை. மாலையில் வந்த நாத்தனார்தான் பூட்டை உடைத்து, குழந்தையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

அதன் பிறகுதான் அந்த மாத்திரை. வயிற்றுக்கும் மனதுக்கும் சேர்த்துப் பொடி அடைத்த ஒரே கேப்ஸ்யூல் கூட்டில். டாக்டர் அவசரப்படாதவர். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, மூன்று வேளை. நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். மதுவோடு சேரவே கூடாது. மாசக்கணக்கில் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து, வலிப்பு வரலாம், இல்லாதது கேட்கும், தெரியும். நிறுத்த வேண்டிய காலம் வந்தால் நானே கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன் என்றார். அவர் சொன்னதை அவள் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, இருபத்தோரு குழி உள்ள டப்பாவில் போட்டு வைப்பாள். எட்டு மாதத்தில் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. வயிறு அடங்கிற்று. பயமும் அடங்கிற்று.

இப்போதும் தவறவில்லை. அதுதான் அவளுக்குப் புரியவில்லை. டப்பாவைத் திறந்து மறுபடி எண்ணினாள். திங்கள் மூன்றும் காலி. செவ்வாய் மூன்றும் காலி. இன்று காலை, மத்தியானம் காலி. மாத்திரை ஒழுங்காக உள்ளே போயிருக்கிறது. அப்படியென்றால் காதில் கேட்பது நிஜம்.

மருந்துக்கடைக்காரருக்குப் போன் செய்தாள். தூக்கம் வரவில்லை, வெளிச்சம் கண்ணில் குத்துகிறது, வயிறு மறுபடி முறுக்குகிறது என்று மட்டும் சொன்னாள். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

"நடுவுல ஏதாச்சும் வேளை விட்டுட்டீங்களாம்மா?"

"இல்லைங்க."

"திடீர்னு நிறுத்தினாத்தான் இப்படியெல்லாம் வரும். நீங்க ஒழுங்கா போடுறீங்க. எதுக்கும் டப்பாவை எடுத்துக்கிட்டு இப்பவே ஒரு நடை வாங்க. டாக்டர்கிட்ட நானே பேசுறேன்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். போகவில்லை. டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அவர் சீட்டில் எழுதுவார். நாளை வந்ததும் நாத்தனார் முதலில் கேட்கப்போவது அந்தச் சீட்டைத்தான்.

இன்னும் பதினெட்டு மணி நேரம். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட வேண்டியதுதான்.

திரையை இழுத்துவிட்டு வேலை மேஜையில் உட்கார்ந்தாள். வெளியே நாலு மணி வெயில். திரையின் ஓரத்தில் கசிந்த ஒளிக்கோடு கம்பி போல் கண்ணுக்குள் இறங்கியது. பல் செட்டுக்கு ஊற்றும் திரவத்தின் காரவாடை இன்று நாக்கில் துருவாகப் படிந்தது. மெழுகைச் சூடாக்கும் சின்ன விளக்கின் சுடர் இரைந்தது. சுடர் இரைவதை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. தோலுக்கு அடியில் எறும்பு ஊர்ந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, பொறுமையாக, அது மென்றுகொண்டிருந்தது.

தம்பி வேலையிலிருந்து வந்தான். சத்துப்பொடியை மாத்திரைக் கூடுகளில் அடைக்கும் கம்பெனியில் அவனுக்கு வேலை. நூறு துளைப் பலகையில் கூடுகளை நிறுத்தி, பொடியைக் கொட்டி, தட்டி, மூடியை அழுத்துவான். கண்ணைக் கட்டிவிட்டாலும் அடைப்பேன் என்று பீற்றிக்கொள்வான். துணைக்கு இருக்கட்டும் என்று அவளே கூப்பிட்டு, வந்து பதினோரு நாள். ஆறு வருடம் குடித்துவிட்டு ஒரே நாளில் விட்டவன். உடம்பு என்பது செல்லம் கொடுத்தால் தலையில் ஏறும் பிள்ளை என்பது அவன் கட்சி. வந்த அன்றே மாத்திரை டப்பாவை ஆட்டிப் பார்த்து, இது என்னக்கா, கோழிக்குத் தீனி மாதிரி என்று சிரித்தான்.

இன்று ஏனோ உற்சாகமாக இருந்தான். ரஸ்க் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு அவளுக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"வேலை ஜாஸ்தி."

"நாளைக்கு உன் நாத்தி வரட்டும். ஒரு விஷயம் வெச்சிருக்கேன். கேட்டா அந்தம்மா வாயடைச்சுப் போயிடும். நீயும்தான்."

என்ன விஷயம் என்று கேட்டாள். நாளைக்கு என்றான். உனக்கு ஒன்றுமே இல்லை அக்கா, சும்மா உன்னைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள், போன வாரம் முழுக்க நன்றாகத்தானே இருந்தாய் என்றான். சொல்லிக்கொண்டே ரஸ்க்கைக் கடித்தான்.

சத்தம் நின்றது.

அறுபத்திரண்டு மணி நேரமாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருந்தது ஒரு நொடி நின்றது. பிறகு அவன் வாய்க்குள்ளிருந்து தொடங்கியது. அதே தாளம். அதே கடைவாய்.

அவள் கையிலிருந்த மெழுகுக் கத்தியை மேஜையில் வைத்தாள்.

"மெல்லாதே."

"என்னக்கா?"

"மெல்றதை நிறுத்துடா."

அவன் விழுங்கினான். உதட்டை மூடிக்கொண்டான். வேடிக்கையாகக் கையை வாய்மேல் வைத்துக்கொண்டான். சத்தம் நிற்கவில்லை. மூடிய உதட்டுக்குப் பின்னால் மென்றது. கன்னத்துத் தோல் உள்ளிருந்து தள்ளப்பட்டு எழுந்து அடங்கியது.

அவன் கையை எடுத்துச் சிரித்தான். அப்போது பார்த்தாள்.

தம்பிக்கு மேல்வரிசை இடது வெட்டுப்பல்லில் ஒரு மூலை கிடையாது. ஏழு வயதில் அவள்தான் அவனைப் படிக்கட்டில் தள்ளிவிட்டாள். இந்த வாயில் அந்தப் பல் முழுசாக இருந்தது. வெள்ளையாக. மூலை கூர்மையாக. முகம் ஏமாற்றும், குரல் ஏமாற்றும். பல் ஏமாற்றாது. அவள் தொழிலில் அதுதான் முதல் பாடம்.

இது தம்பி இல்லை.

தம்பியை இது மென்றுவிட்டது. மூன்று நாளாக. அறை அறையாக.

நாளை பத்து மணிக்கு மகள் வருவாள்.

பல் செட்டை அமுக்கும் பித்தளை அச்சுப்பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உள்ளே பிளாஸ்டர் இறுகியிருந்தது. இரண்டு கிலோ தேறும்.

"அக்கா, நீ ஏதோ மாதிரி..."

தாடையில் இறங்கியது. உலர்ந்த விறகு ஒடிவதைப் போல் ஒரு ஒலி. முக்காலி சாய்ந்தது. அவன் தரையில் விழுந்து கையைத் தூக்கினான். விரல்களின் மேல் இறங்கியது. பிறகு நெற்றியில். அவன் அக்கா என்றான். அந்தச் சொல்லின் மேலேயே அடுத்தது இறங்கியது. கால்கள் மேஜையை உதைத்தன. அலமாரியிலிருந்து பிளாஸ்டர் வாய்கள் சரிந்து உடைந்தன. வெள்ளைத் தூசி. அதில் சிவப்பு. அவள் நிறுத்தவில்லை. சத்தம் இன்னும் கேட்டது. மெதுவாக. ஆனால் கேட்டது.

கால்கள் நின்றன.

சத்தம் நிற்கவில்லை.

அப்படியானால் அது பல்லில்தான் இருக்கிறது.

கிடுக்கியை எடுத்தாள். வாய் எதிர்க்கவில்லை. சிலது ஏற்கெனவே ஆடின. ஆடாததை இடமும் வலமும் அசைத்து, வேரோடு. ஒவ்வொன்றாகச் சட்டையில் துடைத்தாள். வழக்கம் போல. நான்காவதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

மூலை இல்லை. பழைய முறிவு. ஓரம் தேய்ந்து மழுங்கிய, இருபது வருடத்து முறிவு.

அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

கைகள் மட்டும் வேலையை விடவில்லை. ரோஸ் மெழுகை விளக்கில் வாட்டி, வளைத்து, உள்ளங்கையில் வைத்தன. நடுக்கோடு பிடித்தன. இரண்டு பெரியது, இரண்டு சின்னது, இரண்டு கோரைப்பல். ஒவ்வொன்றையும் அதனதன் சாய்வில் அழுத்தின. கச்சிதமான வரிசை. தம்பியின் சிரிப்பு.

வீடு அமைதியாக இருந்தது. சுடர் இரையவில்லை. சுவர் மெல்லவில்லை. வயிறுகூட முறுக்கவில்லை. தரையில் அவன் வாய் திறந்து கிடந்தது, ஒரு பல்லும் இல்லாமல், அசைவில்லாமல்.

உள்ளங்கையில் மெழுகு நெளிந்தது.

வெதுவெதுப்பாக. ஈரமாக. ஆறு பற்களும் தோலிலிருந்து மெல்ல எழுந்து, அவள் கட்டைவிரலின் அடிச்சதையில் வந்து நின்றன. கடிக்கவில்லை. ஒரு மூச்சு வெளிவந்தது. ரஸ்க் வாடை. பிறகு குரல், அவன் குரலேதான், திருட்டுத்தனம் செய்துவிட்டு அவளிடம் மட்டும் வந்து ஒப்புக்கொள்ளும் அந்தப் பழைய கெஞ்சலோடு.

"கோச்சுக்காதக்கா. ஒம்பது நாளா நீ முழுங்கினதுல மருந்தே கிடையாது. எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டிட்டு நான்தான் வெறும் மாவை அடைச்சு வெச்சேன்."